நாற்றம் போனால் நல்ல தண்ணீர்

என் வாயாடிக்கு,

நம் தெருவில் மறுபடியும் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள். இன்று காலை தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே அந்த நெடி மூக்கில் ஏறியது. தும்மினேன். உடனே உன் ஞாபகம். மற்றவர்களுக்கெல்லாம் போனவர்கள் பூ வாசனையிலும் மழை வாசனையிலும் திரும்பி வருகிறார்களாம். நீ எனக்குப் பிளீச்சிங் பவுடரில் வருகிறாய். இதைக் கேட்டால் உனக்கு வருத்தம் இருக்காது. "மல்லிப்பூ வாசனையில வரதுக்கு நான் இன்னா மோகினியாமே?" என்று கேட்டிருப்பாய்.

போட்ட அழகையும் சொல்கிறேன், கேள். தெருவின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு. அதிகாரி நடந்து வரும் பக்கம் மட்டும் கொஞ்சம் தாராளம். கல்யாண வீட்டு வாசலில் கோலம் போடுபவர்கள்கூட இத்தனை கவனமாகப் போட மாட்டார்கள். வியாதி இருப்பது மண்ணுக்கு அடியில் ஓடும் குழாய்க்குள்ளே. இவர்கள் மருந்து போடுவது தெருவுக்கு மேலே. வயிற்றுவலிக்காரனுக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டு, அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற ஜன்மங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கும் இதே கோடுதான். சாவுக்கு வந்தவர்களின் செருப்பெல்லாம் வெள்ளையாகி, உன் வீட்டு வாசல் முழுக்க வெள்ளைக் காலடிகள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் நம் ஊர் அதிகாரிகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அடுத்தடுத்த வீட்டிலிருந்து நாம் இருவரும் தி.நகர் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனோம். நான் பில் போடும் இடத்தில், நீ காட்டன் பிரிவில். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மலைபோலப் புடவைகளைப் பிரித்துப் போட வைத்துவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று போகிறவர்களைப் பார்த்து நீ பல்லைக் காட்டிச் சிரிப்பாய். அவர்கள் படி இறங்கியதும் என் பக்கம் திரும்பி, "பொடவ வாங்க வரலமே, ஏசி காத்து வாங்க வந்துகீறாங்க" என்பாய். கடைக்கு வருகிறவர்களுக்குக் கேன் தண்ணீர், பேப்பர் கப்பில். நமக்கு மாடிப்படிக்குக் கீழே நீல டிரம். அந்த டிரம்மின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் நீ உள்ளே எட்டிப் பார்த்து, "மொதலாளி இன்னிக்கு மீன் வளக்கறாரா?" என்று கேட்பாய். கேட்டுவிட்டு அதையேதான் குடிப்பாய். வேறு என்ன செய்வது?

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நீ உண்டானாய். அந்த ஆறு வருஷமும் உன் மாமியார் உன்னை இழுத்துக்கொண்டு ஏறாத கோயில் படியில்லை, தெருவில் யாரும் சொல்லாத யோசனையும் இல்லை. ஊருக்கு உபதேசம் செய்ய நம் தெருவில் என்றைக்குமே ஆள் பஞ்சம் வந்ததில்லை. குழந்தை தங்கிவிட்டது என்று தெரிந்ததும் அத்தனை பேரும், தாங்கள் சொன்ன வேண்டுதல்தான் பலித்தது என்று பங்குக்கு வந்தார்கள். உன் வீட்டுக்காரருக்கு மட்டும் அதில் பங்கு கிடைக்கவில்லை என்று நீ கடையில் வைத்துச் சொன்னாய். சிரித்த சிரிப்பில் நான் பில்லைத் தப்பாக அடித்தேன்.

நம் தெரு தண்ணீர் பிடிக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் அதை எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். குழாயில் வேகம் கிடையாது என்பதால் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டி, பள்ளத்துக்குள் அடிபம்பு. முதலில் வருவது கறுப்பாக, முட்டை அழுகின நாற்றத்தோடு வரும். அதை ரோட்டில் கொட்டுவோம். அடுத்த குடத்தை முகர்ந்து பார்ப்போம். எதிர் வீட்டிலிருந்து, "போச்சா?" என்று குரல் வரும். "லேசா கீது." இன்னும் இரண்டு குடம் ரோட்டுக்கு. "போச்சா?" "போச்சு, புடி புடி!" அவ்வளவுதான். பம்பின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டிக் குடத்தை வைத்துவிடுவோம். நாற்றம் போனால் நல்ல தண்ணீர். இதுதான் நம் தெருவின் சட்டம். ஆய்வுக்கூடம், விஞ்ஞானி எல்லாமே நம் மூக்குதான். அந்த மூக்கை நம்பித்தான் பரம்பரை பரம்பரையாகப் பிள்ளை பெற்றோம்.

தெருமுனை நாலு மாடி ஃப்ளாட்டுக்காரர்களை மறந்துவிடக் கூடாது. அவர்கள் தெருக்குழாயில் நேராக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார்கள். அது குற்றம் என்று அவர்களுக்கும் தெரியும், அபராதம் போட வேண்டியவர்களுக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் இல்லாத நேரத்தில் மோட்டார் இழுத்தால் எதை இழுக்கும்? பக்கத்திலேயே உடைந்து கிடக்கும் சாக்கடைக் குழாயிலிருந்து, விரிசல் வழியாக, ஊரின் மலஜலத்தை இழுக்கும். அவர்கள் வீட்டுக்குள் சுத்திகரிக்கும் மிஷின் இருக்கிறது. வடிகட்டிக் குடித்துக்கொள்வார்கள். அவர்கள் இழுத்துவிட்டதில் மீதியை நாம் துணி கட்டிப் பிடித்துக்கொள்வோம். மார்கழியில் விடியற்காலையில் பஜனை பாடிக்கொண்டு போகிறார்களே, அந்தப் புண்ணியவான்கள்தான்.

வளைகாப்பு முடிந்து நீ அம்மா வீட்டுக்குப் போனாய். அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் உன் அம்மாவை அடையாற்றங்கரையிலிருந்து குடிசையோடு பெயர்த்து, ஊருக்கு வெளியே ஐந்தாவது மாடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். லிஃப்ட் உண்டு, பெயருக்கு. லாரித் தண்ணீர் வந்தால் குடத்தோடு இறங்க வேண்டும், குடத்தோடு ஏற வேண்டும். வாயும் வயிறுமாக இருக்கிற மகளை உட்கார வைத்துவிட்டு, முட்டிவலிக்காரி உன் அம்மா ஏறி இறங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் சில நாளிலேயே திரும்பி வந்துவிட்டாய். இரண்டு கை நிறைய வளையலோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"வந்துட்டேன்மே. அங்க தண்ணிக்கு அஞ்சு மாடி எறங்கணும். இங்க வாசல்ல அடிச்சா வருது. இதுக்கு எங்க மாமியா வாயே தேவலாம்."

தண்ணீருக்காகத்தான் நீ திரும்பி வந்தாய். இதை நினைக்கும்போது யாரைத் திட்டுவதென்று எனக்கே குழப்பம் வந்துவிடுகிறது. அப்புறம் எல்லாரையும் திட்டிவிடுகிறேன்.

நீ வந்த கொஞ்ச நாளில், புகார் எழுதி எழுதி, ஒருவழியாகத் தண்ணீர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே வட்டத்துப் பிரமுகர் ஒருவர், வெள்ளை வேட்டியைச் சாக்கடை படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். அதிகாரி குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தெளிவாத்தானேம்மா இருக்கு" என்றார். நீ உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து, அந்த வயிற்றோடு குனிந்து, பம்பை அடித்து, டம்ளர் நிறையப் பிடித்து அவரிடம் நீட்டினாய்.

"வெயில்ல வந்துகீறீங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க சார்."

"இப்பதாம்மா குடிச்சேன்."

"பரவால்ல சார், இன்னொரு வாய்."

"ஜலதோஷம்மா, பச்சைத் தண்ணி ஒத்துக்காது."

டம்ளர் பிரமுகர் பக்கம் திரும்பியது. அவர் தனக்கு விரதம் என்றார். "வெரதத்துல தண்ணி குடிக்கலாமே நைனா?" என்று நீ கேட்டதும் தெருவே சிரித்தது. இருவரும் ஜீப்பில் ஏறினார்கள். ஜீப்புக்குள் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள் இருந்ததை நான் பார்த்தேன். அவர்கள் போனதும் நீ டம்ளரைப் பார்த்தாய். நாற்றம் போன தண்ணீரைக் கீழே கொட்டி நமக்குப் பழக்கமில்லை. சிரித்துக்கொண்டே அதை நீயே குடித்தாய்.

அந்த டம்ளர்தானா, அதற்கு முந்தைய குடமா என்று யாருக்குத் தெரியும்? இந்த வியாதி உள்ளே போனதும் ஆளைத் தள்ளுவதில்லை. வாரக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அது எழுந்து நிற்கும்போது குடித்தவருக்குத் தண்ணீர் மறந்துபோயிருக்கும். அதனால்தான் நம் தெருவில் ஒவ்வொரு காமாலைக்கும் ஒவ்வொரு குற்றவாளி: ஒருத்தருக்குக் கையேந்திபவன் பிரியாணி, ஒருத்தருக்குக் கண் திருஷ்டி. தண்ணீரை மட்டும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதைத்தான் முகர்ந்து பார்த்துவிட்டோமே!

முதலில் நம் தெரு மெக்கானிக்குக்குக் காமாலை வந்தது. அப்புறம் இட்லிக்கடை அக்காவுக்கு, அப்புறம் பறக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று பேருக்கு. எல்லாரும் ஆதம்பாக்கத்துக்கு ஓடினார்கள். அங்கே ஒரு காமாலை வைத்தியர். விடிந்ததும் வெறும் வயிற்றோடு போய் நிற்க வேண்டும். கீழாநெல்லி உருண்டையை மோரில் கரைத்துத் தருவார். மூன்று நாள் உப்பில்லை, எண்ணெயில்லை. ஆஸ்பத்திரி மருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, ஊசி போட்டால் ஆள் காலி என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. போனவர்கள் எல்லாருக்கும் குணமானது. ஆகத்தான் செய்யும். இது பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வந்து தானாகவே போகிற காமாலை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, காக்கைக்கு மாலை போட்டார்கள்.

அப்புறம் உன் முறை. சாப்பாட்டைக் கண்டால் குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் டிகாஷன் நிறம். ஒரு காலையில் உன் கண்ணைப் பார்த்தேன், மஞ்சள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். உன் மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெருவே அங்க போய்தான் நல்லாச்சு. இவ இன்னா மகாராணியா, தனியா ஒரு வைத்தியம் கேக்குதா?"

நீயும் சமாதானம் சொன்னாய்: "மூணு நாளுதானேமே. குடிச்சாத் தீந்துச்சு." அதிகாரிக்கே டம்ளர் நீட்டிய வாய், மாமியார் முன்னால் பூனைக்குட்டியாகிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். எட்டு மாதத்தைத் தாண்டிய வயிற்றோடு, வேகத்தடை வேகத்தடையாக ஆட்டோவில் ஆதம்பாக்கத்துக்குப் போய் அந்த மோரைக் குடித்துவிட்டு வந்தாய்.

மூன்றாம் நாள் நீ தூங்கினாய். கடையிலிருந்து நான் வந்தபோது உன் மாமியார் வாசலில் பெருமையாக உட்கார்ந்திருந்தார். "மருந்து புடிச்சிகினு கீது. காலையிலேர்ந்து அசந்து தூங்கறா." உள்ளே போய் உன்னை உலுக்கினேன். கண்ணைத் திறந்தாய். என்னைப் பார்த்து "அம்மா" என்றாய். அப்புறம், கடையைத் திறந்துவிட்டார்களா, புடவையை ஏன் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள் என்று ஏதேதோ கேட்டாய். நான் தெருவில் நின்று கத்தின கத்தலில் உன் வீட்டுக்காரர் தன் ஆட்டோவைக் கொண்டு வந்தார். கொண்டு வந்தவர், கிளப்புவதற்கு முன்னால் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிறாள், அவருக்கு அப்போதும் ஒரு கண்ணசைவு வேண்டியிருந்தது. அப்புறம் அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக ஊர் அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று உன் மாமியார் எதிர்பார்க்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். முகத்தில் தூக்கமில்லை, பேச்சில் இனிப்பில்லை. எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "இது ஹெபடைடிஸ் ஈ. சாக்கடை கலந்த தண்ணியில வர்றது. மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிடும். கடைசி மாசங்கள்ல இருக்கிற பொண்ணுக்கு வந்தா சில பேருக்கு ஈரலையே அழிச்சிடும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல" என்றார். எல்லாம் முடிந்த பிறகு, முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா மயக்கத்தைத் தூக்கம்னு நெனச்சு விட்டிருக்க மாட்டோம்" என்றார். இதற்குத் தடுப்பூசி கிடையாதா என்று கேட்டதற்கு, வெளிநாட்டில் ஒன்று இருக்கிறது, இங்கே வரவில்லை என்றார். வராது. அடிபம்பு அடிப்பவர்களுக்கு வருகிற வியாதிக்கு யார் கப்பல் ஏற்றி மருந்து கொண்டு வரப்போகிறார்கள்?

முதலில் குழந்தை போனது, அப்புறம் நீ. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என் கை வரவில்லை.

நீ போன பிறகு நடந்த கூத்துகளை உனக்குச் சொல்ல ஆளில்லாமல் தவித்துப்போனேன். தெருவில் பந்தல் போட்டு மைக் வைத்து விழிப்புணர்வுக் கூட்டம். சந்தனப் பொட்டும் கூலிங் கிளாசுமாக ஒருவர், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கையைக் கழுவுங்கள் என்று எங்களுக்கு உபதேசம் செய்தார். கையை எப்படித் தேய்ப்பது என்று ஒரு பெண் மேடையில் செய்து காட்டினாள், வெறுங்கையால். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று யாரும் சொல்லவில்லை. குழாயை எப்போது மாற்றுவீர்கள் என்று நான் எழுந்து கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார் பொட்டுக்காரர். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு ஒரு சோப்பு கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தெருவைத் தோண்டி, பாதி தூரம் புதுக்குழாய் போட்டு மூடினார்கள். மீதிப் பாதி அடுத்த திட்டத்தில் வருமாம். தண்ணீருக்கு அந்த எல்லை புரியவில்லை.

காய்ச்சிக் குடிப்பது நல்லதுதான். அதைச் சொன்னவர்கள்மேல்தான் எனக்கு எரிச்சல். டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் வீட்டில் கொதிக்காத தண்ணீர் தொண்டையில் இறங்குவதில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிற வீடுகளில்கூட மோருக்கும் சட்னிக்கும் பம்புத் தண்ணீரைத்தான் விடுகிறார்கள். அதைச் சுட்டிக்காட்டியதற்குத் தெருவில் எனக்கு 'வெந்நீர் செல்வி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

நான் பொறுக்காதது வேறு. நீ எப்படிப் போனாய் என்ற கதையையே மாற்றிவிட்டார்கள். முதலில், சாந்தோம் கடற்கரையில் மீன் வறுவல் தின்றதால் என்றார்கள். வருஷம் போகப்போகக் கதை முற்றிவிட்டது. "வைத்தியர் மருந்துல நல்லாத்தான் இருந்தா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி ஊசி போட்டாங்க, போயிட்டா." அந்த வைத்தியர் செத்துப்போய் மகன் பட்டத்துக்கு வந்தாயிற்று. ஃப்ளெக்ஸ் போர்டு, பணம் அனுப்ப ஸ்கேன் அட்டை எல்லாம் உண்டு. உன் சாவே அவனுக்கு விளம்பரமாகிவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம். நம் தெருப் பெண்களே அவனுக்குச் சம்பளமில்லாத ஏஜென்ட்டுகள்.

உன் மச்சினனுக்குக் கல்யாணம் ஆனது உனக்குத் தெரியாது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பயல் இப்போது சாப்பாடு டெலிவரி செய்கிறான். பெண்டாட்டி மோனிஷா, காதல் கல்யாணம். பெண் வீட்டார் முகம் பார்ப்பதில்லை. வளைகாப்பு முடிந்து போவதற்கு அவளுக்கு அம்மா வீடும் கிடையாது. எட்டாம் மாதம். இந்த முறையும் தெருவில் மூன்று வீட்டில் காமாலை. மூன்று வீடும் ஆதம்பாக்கம் போய்வந்தது. போன வாரம் உன் வீட்டுக்குக் கொத்தமல்லி கேட்டுப் போனேன். அந்தப் பெண் உன் போட்டோ மாட்டியிருக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். கண் மஞ்சள். உன் மாமியார் மோர் கலக்கிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லாத. மூத்தவள அங்க உட்டுதான் தூக்கிகினு வந்தோம். இன்னொரு தபா என்னால முடியாது."

"அவளைத் தூங்க விட்டது யாரு? மூணு நாள் மோரு ஊத்திட்டு, மருந்து புடிச்சிகினு கீதுன்னு வாசல்ல குந்தினு இருந்தது யாரு? ஊசி கொன்னுச்சாம். ஊசி போடறப்ப அவளுக்கு அவ பேரே தெரியல. உனுக்கு இது தெரியும். தெரிஞ்சிகினே எட்டு வருசமா மாத்திச் சொல்லிகினு கீற."

தெருவே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். உன் மாமியாரின் கை மட்டும் மோரைக் கலக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை. அவருக்கும் பயம்தான், அந்தப் பயத்தை மூடி வைக்கத்தான் இத்தனை வருஷமும் அந்தக் கதை என்று மட்டும் புரிந்தது. பயந்தவர்கள்மேல் இரக்கப்படலாம். பயத்தை மறைக்க இன்னொரு பெண்ணைப் பலி கொடுப்பவர்கள்மேல் எப்படிப் படுவது?

நான் மோனிஷாவிடம் போய் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். போனால் பிழைப்பாய் என்று பொய் சத்தியம் செய்யவில்லை. போனால் உன்னைக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று சொன்னேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொடியிலிருந்து ஒரு நைட்டியையும் துண்டையும் எடுத்துப் பையில் வைத்தாள். "வாக்கா, போலாம். அவருக்கு நான் போன்ல சொல்லிக்கறேன்." வீட்டை விட்டுக் கிளம்புவது அவளுக்கு ஏற்கெனவே செய்து பழகிய வேலை. நம் தலைமுறைக்கு வராத கை அது.

பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் நிறுத்தினார். "கூட ஒரு லேடீஸ் மட்டும்தான் இருக்கலாம், அதுவும் குடும்பத்து ஆளு. நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" அதற்குள் உன் மாமியார் வேறொரு ஆட்டோவில் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, எனக்குப் பின்னால் நின்றிருந்தார். "ஓரகத்தி. மூத்தவ" என்றேன். அந்த இடம் எட்டு வருஷமாகக் காலியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உன் மாமியார் மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாள் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

டாக்டர்கள் தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். அதே ஹெபடைடிஸ் ஈ-தான். ஈரலின் கணக்கு இன்னும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, இன்னும் சில நாள் தாண்ட வேண்டும் என்றார்கள். இன்று காலை மாமியாரைக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் குளிக்க வந்தேன். வந்த இடத்தில்தான் பிளீச்சிங் கோடு. உனக்கு இதை எழுதி முடித்துவிட்டு, வெந்நீர் பாட்டிலோடு மறுபடியும் போக வேண்டும். அங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது. "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. பேரு, ஊரு, வீட்டுல யாரு, கேளுங்க. பதில் குழறினாலோ மாறினாலோ உடனே என்னைக் கூப்பிடுங்க" என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவள் கண்ணயர்ந்தால் எழுப்பிவிடுகிறேன். "எத்தினி தபாதான் கேப்பக்கா, நீ இன்னா போலீஸா?" என்று எரிந்து விழுகிறாள். எரிந்து விழட்டும். எனக்கு அதைக் கேட்கத்தான் வேண்டும்.

நேற்று மத்தியானமும் எழுப்பினேன்.

"உன் பேரு இன்னா?"

"மோனிஷா."

"இப்ப எங்க கீற?"

"ஆஸ்பத்திரியில. உன்கிட்ட மாட்டிகினு."

"வூட்ல யாரு யாரு கீறாங்க, சொல்லு."

கண்ணை மூடியபடியே விரலை மடக்கினாள். "மாமியா. அவரு. அவரு அண்ணன். நானு. அப்பால ஓரவத்தி அக்கா."

"யாரு, நானா?"

"நீ பக்கத்து வூடுக்கா. அவங்க. போட்டோவுல கீறாங்களே, அவங்க."

நர்ஸ் இரண்டு கட்டில் தள்ளித்தான் நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை.